உயிர் பிழைத்ததே போதுமா?

“உயிர் பொழச்சதே பெரிசு. இதையெல்லாம் ஒரு விஷயமாப் பேசிக்கிட்டு…”

மலக்குடல் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரைச் சுற்றி இந்தப் பேச்சு ஓயாது. பார்க்க வரும் உறவினர் சொல்வார். பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார். வெளியே இன்னும் அறுபது பேர் காத்திருக்கும் டாக்டரும் கொஞ்சம் நாகரிகமாக இதையேதான் சொல்வார். போகப் போக நோயாளியே தனக்குத்தானே சொல்லிக்கொள்ளத் தொடங்கிவிடுவார். என் அப்பா இரண்டு வருஷம் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நல்ல மனசோடு சொல்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இது தவறான பேச்சு. மருத்துவப்படி தவறு. சிலர் விஷயத்தில், எந்த உயிரைச் சொல்லி வாயை அடைக்கிறார்களோ அந்த உயிருக்கே ஆபத்தான தவறு.

அப்பா அரசுப் பேருந்தில் 28 வருஷம் கண்டக்டர். கும்பகோணத்தில் ஏறினால் திருச்சி போய்ச் சேரும்வரை நின்றபடியே வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற சில வருஷத்தில் மலக்குடலில் கட்டி என்று தெரிந்தது. ஐந்து வாரம் கதிர்வீச்சு, கூடவே மாத்திரை. பிறகு அறுவை சிகிச்சை. குடலில் போட்ட இணைப்பு ஆறுவதற்காக வயிற்றில் தற்காலிகமாக ஒரு பை. இன்னும் சில மாதம் கீமோ. அதன் பிறகு பையை எடுத்து, குடலை உள்ளே விட்டுத் தைத்தார்கள். “பையை எடுத்தாச்சு, இனிமே ஒண்ணுமில்ல” என்று வீட்டில் பாயசம் வைத்தோம்.

உண்மையில் அன்றுதான் தொடங்கியது. விடிகாலை நாலரைக்குக் கழிப்பறைக்குப் போவார். வெளியே வந்து கை கழுவி உட்காருவார்; பத்து நிமிஷத்தில் மறுபடி ஓடுவார். இப்படி ஆறரை மணிக்குள் ஐந்து ஆறு தடவை. சாப்பிட்டு எழுந்தால் மறுபடி. காற்றுதான் பிரிகிறது என்று நினைத்து விடுவார், வேட்டி நனைந்துவிடும். வெளியே கிளம்பினால் கையில் ஒரு மஞ்சப்பை. உள்ளே மாற்று வேட்டி, ஒரு பழைய துண்டு, சோப்பு, தண்ணீர் பாட்டில். அப்புறம் வெளியே கிளம்புவதே நின்றது. என் சின்ன அத்தை வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு அவர் வரவில்லை. “முட்டி வலி” என்று சொல்லி அனுப்பினார். அந்த வீட்டில் கழிப்பறைக் கதவு ஹாலைப் பார்த்து இருக்கிறது, அதுதான் காரணம் என்று அம்மா எனக்குப் போனில் சொன்னாள். மகளிடம் அவரால் எப்படிச் சொல்ல முடியும்?

ஆனால் கேட்டவர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: பழகிடும்.

இதில் பாதி உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. அறுவை சிகிச்சை முடிந்து, பையை எடுத்த முதல் வருஷத்தில் குடல் ஓரளவு தேறும். இரண்டாம் வருஷமும் சிலருக்குக் கொஞ்சம் தேறும். அதற்குப் பிறகும் தொல்லை இருந்தால், சும்மா காத்திருப்பதால் பெரிய மாற்றம் எதுவும் வராது. பத்து வருஷம் கழித்தும் அவதிப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். ‘பழகிடும்’ என்று சொல்கிறவர் எதற்குப் பழகச் சொல்கிறார் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் மனிதன் பழகிக்கொள்வது வீட்டை விட்டு வெளியே போகாமல் இருப்பதற்குத்தான்.

மலக்குடல் வெறும் குழாய் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். குடலின் கடைசியில் ஏறத்தாழ 15 செ.மீ. நீளம். அதன் வேலை தள்ளுவதைவிடத் தேக்கி வைப்பது. நிறைய நிறைய விரிந்து கொடுக்கும். இடம் கிடைக்கும்வரை பொறுத்திருக்கும். கீழே வந்திருப்பது காற்றா, நீரா, கட்டியா என்று ஆசனவாயின் நரம்புகள் பிரித்துச் சொல்லும். இந்தத் தேக்கத்தைத்தான் கட்டியோடு வெட்டி எடுக்கிறார்கள். மேலே இருக்கும் பெருங்குடலை இழுத்துக் கீழே இணைக்கிறார்கள். பெருங்குடலுக்கு மலக்குடலைப் போல விரிந்து தேக்கத் தெரியாது, தள்ளத்தான் தெரியும். கதிர்வீச்சு பட்ட இடம் விறைத்து, விரியும் தன்மையை இழக்கிறது. நரம்புகள் சில அறுபடுகின்றன. சுருக்குத்தசை தளர்கிறது. இத்தனையும் நடந்த உடம்பைப் பார்த்து “மனசைத் திடமா வச்சுக்கோ” என்றால் அது என்ன நியாயம்? கால் எலும்பு முறிந்தவனிடம் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

இந்தக் கோளாறுக்குப் பெயர் உண்டு: ‘லோ ஆன்டீரியர் ரிசெக்‌ஷன் சின்ட்ரோம்’, சுருக்கமாக லார்ஸ். மலக்குடலை எடுத்துக் குடலை இணைத்தவர்களில் பத்துக்கு நான்கு பேர் அளவுக்கு இது கடுமையாகவே இருக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் சொல்கிறார்கள். இரண்டு வருஷ அவதிக்குப் பிறகு இந்தப் பெயரை முதன்முதலாகக் கேட்ட அன்று அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். தனக்கு மட்டும்தான் இப்படி என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இங்கே ஒரு விஷயத்தை நிதானமாகச் சொல்ல வேண்டும். மறுபரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் அப்பாவிடம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே ஒன்று: “ஒரு நாளைக்கு எத்தனை தடவை போறீங்க?” டிக்கெட் எண்ணிப் பழகிய மனிதர், “எட்டு” என்று கணக்காகச் சொல்வார். “ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும்” என்று எழுதிக்கொண்டு, அடுத்தவரைக் கூப்பிடுவார்கள்.

கேள்வியே தப்பு. டென்மார்க்கைச் சேர்ந்த எம்மெர்ட்சன், லௌர்பெர்க் என்ற இருவர், இந்தச் சிகிச்சை செய்துகொண்டவர்களிடமே கேட்டு, எந்தத் தொல்லை வாழ்க்கையை எவ்வளவு கெடுக்கிறது என்று கணக்கிட்டு, 2012-ல் ஐந்து கேள்விகள் கொண்ட ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டார்கள். மொத்தம் 42. இருபது வரை லார்ஸ் இல்லை. 21 முதல் 29 வரை லேசானது. முப்பதும் அதற்கு மேலும் கடுமையானது. அதில் எட்டுத் தடவை போவதற்கு எத்தனை மதிப்பெண் தெரியுமா? நான்கு. ஒரு தடவை போன ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி போக வேண்டியிருப்பது வாரத்துக்கு ஒரு முறையாவது நேர்ந்தால் 11. வந்தால் அடக்க முடியாமல் ஓட வேண்டியிருப்பது வாரம் ஒரு முறையாவது நேர்ந்தால் 16.

எட்டுத் தடவை போவது யாரையும் வீட்டுக்குள் முடக்கவில்லை. எப்போது வரும் என்று தெரியாததும், வந்தால் நிற்காததும்தான் முடக்குகின்றன. நாம் கேட்பதோ தடவைக் கணக்கை. சாதாரண ஜனங்கள் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், இந்தப் புற்றுநோய்க்கே சிகிச்சை அளிக்கும் நிபுணர்களிடம் ‘நோயாளியை எது அதிகம் வாட்டுகிறது?’ என்று கேட்டார்கள். போன ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி போவதையும் அவசரத்தையும் அவர்கள் குறைத்தே மதிப்பிட்டிருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவை உட்காரவைத்து அந்த ஐந்து கேள்வியையும் கேட்டேன். நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் தரையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். கூட்டினால் 41.

“உயிர்தானே முக்கியம்?” என்கிறவர்களுக்கு அவர்கள் வழியிலேயே பதில் சொல்கிறேன். சிகிச்சை நடக்கும்போதே இந்த வாய்மூடித்தனம் உயிரோடு விளையாடுகிறது. கேப்சிடாபைன் என்ற மாத்திரை இந்தப் புற்றுநோய்க்குப் பலருக்கும் தரப்படுகிறது. அதன் முக்கியமான பக்க விளைவு பேதி. வழக்கத்தைவிட நாளுக்கு நான்கு தடவை கூடுதலாகப் போனாலோ, ராத்திரியில் எழுந்து போக வேண்டி வந்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும். அப்பா தெரிவிக்கவில்லை. சொன்னால் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள், நிறுத்தினால் கட்டி திரும்ப வந்துவிடும் என்று பயம். “பேதிதானே, உயிரா போயிடும்?” என்று மூன்று நாள் மறைத்தார். நாலாம் நாள் கொல்லையில் மயங்கி விழுந்தார். சிறுநீரகம் தடுமாறத் தொடங்கியிருந்தது. சில நாள் மாத்திரையை நிறுத்தி, அளவைக் குறைத்து மறுபடி தொடங்கினார்கள், அதுதான் முறையும்கூட. முதல் நாளே சொல்லியிருந்தால் அந்த மயக்கம் வந்திருக்காது.

சிறுகுடலை வெளியே எடுத்து வைத்த பை இருந்த மாதங்களிலும் அதே கதை. பை நாளுக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் நிரம்பினால் உடம்பிலிருந்து தண்ணீரோடு உப்பும் ஓடுகிறது என்று அர்த்தம். வந்தவர் எல்லாரும் இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு; இவருக்குப் போய்க்கொண்டிருந்தது சோடியம். வெறும் தண்ணீரைச் செம்பு செம்பாகக் குடித்தாலும் பை இன்னும் வேகமாக நிரம்புமே தவிர, உடம்பில் ஒட்டாது. வேண்டியது உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் கலந்த ஓ.ஆர்.எஸ். 1971-ல் வங்க அகதி முகாமில் காலரா நோயாளிகளைத் திலீப் மகலானபிஸ் காப்பாற்றியது அந்தக் கரைசலை வைத்துத்தான். மருந்துக்கடையில் மலிவாகக் கிடைக்கும் பொட்டலம். ஆனால் பை நிரம்புவதைப் பற்றிப் பேசுவதே அசிங்கம் என்று இருக்கும் வீட்டில் அது நிரம்பும் அளவை யார் பார்ப்பார்கள்?

அடுத்து, “இதுக்கெல்லாம் மருந்து கிடையாது” என்ற பேச்சு. இது சுத்தமான பொய்.

சாப்பாட்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதிகம் உபதேசம் நடப்பது அங்கேதான். ஒருவர் நார்ச்சத்து நல்லது, கீரையும் கோதுமைத் தவிடும் சாப்பிடு என்பார். இன்னொருவர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கஞ்சி மட்டும் குடி என்பார். நாரில் இரண்டு வகை. தவிடு, கீரைத்தண்டு, பழத்தோல் போன்றவை கரையாமல் குடலை விரட்டும். இசப்கோல் நீரை உறிஞ்சிக் கூழாகி, தண்ணீராகப் போவதைக் கெட்டிப்படுத்தும். மலச்சிக்கலுக்குத் தருவதை பேதிக்காரருக்குத் தருவதா என்று எங்கள் வீட்டில் சண்டையே வந்தது. அவருக்கு அது கேட்டது. எந்த அளவு, எவ்வளவு தண்ணீரோடு என்பதை மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வெளியே போகும் நாளில் பட்டினி கிடப்பது பலரும் செய்வது. அன்றைக்குப் பலிக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு வருஷத்தில் அப்பா ஒன்பது கிலோ இளைத்ததற்கு அந்தப் பட்டினியும் காரணம். வயிற்றுக்குள் உணவு போனால் பெருங்குடல் அசைய ஆரம்பிக்கும், அது இயற்கை. காபி அதை இன்னும் முடுக்கும். கும்பகோணத்துக்காரரிடம் காபியை நிறுத்து என்று சொல்வதைவிட, அந்த இயல்பை நம் வசத்துக்குக் கொண்டுவரலாம். இப்போது அப்பா காபியை ஐந்து மணிக்கே குடிக்கிறார். குடல் அசைந்து, காலியாகி, எட்டு மணிக்கு அவருக்குப் பகல் பொழுது சொந்தமாகிறது. மூன்று வேளையும் மணி தவறாமல், அளவாகச் சாப்பிடுகிறார். ராத்திரிச் சாப்பாடு ஏழு மணிக்குள் முடிகிறது.

லோபரமைடு மாத்திரையைக் கண்டால் நம் ஊரில் பாம்பைக் கண்ட பயம். ‘பழகிடுச்சுன்னா குடல் செத்துப்போயிடும்’ என்பார்கள். அது பெரும்பாலும் குடல் சுவரிலேயே வேலை செய்து, குடலின் வேகத்தைக் குறைக்கிறது. சுருக்குத்தசையின் பிடிமானத்தையும் கொஞ்சம் கூட்டுகிறது. சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் எடுத்தால், சாப்பிட்டதும் வரும் ஓட்டம் தணியும். டாக்டர் சொன்ன அளவில் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் எடுக்கிறவர்கள் உண்டு. காய்ச்சலோ, ரத்தமோ, வயிற்று உப்புசமோ இருக்கும்போது எடுக்கக் கூடாது. சொன்ன அளவை மீறினால் இதயத்தைப் பாதிக்கும். இந்த இரண்டையும் தெரிந்துகொண்டால் போதும். மீதிப் பயம் வேண்டாம்.

இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சியைச் சொன்னபோது, “அது பிள்ளை பெத்தவங்களுக்குச் சொல்றது” என்றார் அப்பா. ஆண்களுக்கும் அதே தசைகள்தான். பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவரைத் தேடிப் பிடிக்க எங்களுக்கு நான்கு மாதம் ஆனது. எந்தத் தசையை இறுக்குவது என்று தெரியாமல் வீட்டில் முயன்றபோது அவர் வயிற்றைத்தான் இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். அது நேர் எதிர் வேலை.

இவற்றுக்கும் அடங்காவிட்டால், வெதுவெதுப்பான நீரைக் கூம்பு வழியாக ஆசனவாயில் செலுத்திக் குடலை ஒரே மூச்சில் காலி செய்யும் முறை இருக்கிறது. தினமோ ஒருநாள் விட்டு ஒருநாளோ செய்தால், இடையில் உள்ள நேரம் நிம்மதி. மருத்துவமனையில் கற்றுக்கொண்டுதான் தொடங்க வேண்டும். அதற்கும் மேலே, முதுகின் கீழ் நரம்புக்கு மெல்லிய மின்தூண்டல் தரும் கருவி. பெருங்குடலின் வலப்பக்கத்தை எடுத்தவர்களின் பேதிக்குச் சில சமயம் காரணமே வேறு. உறிஞ்சப்படாத பித்த அமிலம் குடலுக்கு எரிச்சலூட்டும்; அதற்கு கொலஸ்டைரமைன் என்ற தூள் கேட்கும். எதற்கும் முதல் படி ஒன்றுதான். வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

பையைப் பற்றி ஒரு வார்த்தை. “எப்படியாவது பை இல்லாம பண்ணிடுங்க” என்று நோயாளியின் குடும்பம் டாக்டரின் காலில் விழாத குறையாகக் கேட்கிறது. நாங்களும் கேட்டோம். நிரந்தரப் பை என்றால் வாழ்க்கை முடிந்தது என்று நம்பினோம். பை இல்லாதவர்கள் பை உள்ளவர்களைவிட நன்றாக வாழ்கிறார்கள் என்று உறுதியாகச் சொல்ல ஆதாரம் போதாது என்று 2012-ல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு சொன்னது. நாளெல்லாம் கழிப்பறை வாசலிலேயே கழிக்கும் ஒருவர், எல்லாச் சிகிச்சையும் பார்த்துவிட்டு, யோசித்து, பையைக் கேட்டு வாங்கினால் அது தோல்வியே கிடையாது. அப்பா தற்காலிகப் பையோடு இருந்த நாட்களில் கோயிலுக்குப் போகலாமா என்று அம்மாவிடம் ரகசியமாகக் கேட்டாராம். எல்லார் வயிற்றிலும் உள்ளே இருப்பது அவருக்கு வெளியே இருந்தது, அவ்வளவுதான். தாராளமாகப் போயிருக்கலாம்.

‘உயிர் இருந்தால் போதும்’ என்று மருத்துவமும் ஒரு காலத்தில் நினைத்தது. 1908-ல் லண்டனில் எர்னஸ்ட் மைல்ஸ் வகுத்த அறுவை சிகிச்சையில் மலக்குடலும் ஆசனவாயும் சேர்ந்தே போயின. எல்லாருக்கும் நிரந்தரப் பைதான். அன்றைக்கு அதுவே பெரிய சாதனை. அங்கே மருத்துவம் நிற்கவில்லை. ஆசனவாயைக் காப்பாற்றும் வழி தேடினார்கள். மலக்குடலைச் சுற்றிய கொழுப்புறையோடு சுத்தமாக எடுத்தால் கட்டி அங்கே திரும்ப வருவது குறையும் என்று 1982-ல் பில் ஹீல்ட் எழுதினார். கதிர்வீச்சிலும் கீமோவிலும் கட்டி முழுதும் மறைந்துபோனவர்களை உடனே வெட்டாமல், விடாமல் கண்காணிக்கும் வழியை பிரேசிலின் ஆஞ்ஜெலிதா ஹப்ர்-காமா 2004-ல் முன்வைத்தபோது உலகம் நம்பத் தயங்கியது. இன்று பொருத்தமான நோயாளிகளுக்கு அது ஏற்கப்பட்ட வழி. பிழைத்தவர் எப்படி வாழ்கிறார் என்பதும் கணக்கில் சேர்ந்ததால்தான் இவ்வளவும் நடந்தது. நம் வீடுகள் மட்டும் இன்னும் 1908-லேயே இருக்கின்றன.

டாக்டர்களின் நெருக்கடி எனக்குத் தெரியும். ஒருவருக்கு ஐந்து நிமிஷம் கிடைத்தால் பெரிது. கட்டி திரும்ப வந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள், பார்க்கவும் வேண்டும். ஆனால் அந்த ஐந்து கேள்விக்கு இரண்டு நிமிஷம் போதும். ஒரு செவிலியரே காத்திருக்கும் இடத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். பேருந்து நிலையங்களில் உட்காரத் தகுந்த, தண்ணீர் வரும் கழிப்பறை இருந்தால் சிகிச்சை முடித்தவர்களில் பாதிப் பேர் மறுபடி ஊர்ப் பயணம் போவார்கள். இதைக் கேட்பதில் என்ன பேராசை இருக்கிறது?

அப்பாவிடம் பத்து மாதம் கழித்து மறுபடி அதே கேள்விகளைக் கேட்டேன். 29 வந்தது. முழுசாகக் குணமாகிவிட்டது என்று சொல்லமாட்டேன்; காற்றுப் பிரச்சினை அப்படியேதான் இருக்கிறது, எப்போதாவது ஓட வேண்டியும் இருக்கிறது. மஞ்சப்பையும் கூடவே வருகிறது. ஆனால் தை மாதம் கும்பகோணத்தில் பஸ் ஏறித் தஞ்சாவூரில் என் வீட்டுக்குத் தனியாக வந்தார்.

உங்கள் வீட்டில் இந்தச் சிகிச்சை முடித்தவர் ஒருவர் இருந்தால், ஏற்கெனவே அடங்கியிருந்த தொல்லை திடீரென்று மாறினாலோ, ரத்தம் தெரிந்தாலோ “இது பழைய கோளாறுதான்” என்று விட்டுவிடாமல் உடனே காட்டுங்கள். மற்ற நாட்களில் “எத்தனை தடவை?” என்று கேட்பதை நிறுத்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து இதைக் கேளுங்கள்: “வந்தா எவ்வளவு நேரம் அடக்க முடியுது?” அவர் சொல்லும் பதிலை அப்படியே எழுதி, அடுத்த முறை டாக்டரிடம் கொண்டுபோங்கள். அவர் சொல்லக் கூச்சப்பட்டால் நீங்கள் சொல்லுங்கள்.